மேலிருந்து வரும் புதிய கற்பித்தல் முறை: மொழி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொழிப்பாட ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பொறுப்பான தலைமையாசிரியர், கருத்தாளர், பாடத்திட்டக் குழுவினருக்கும் இந்தப் பக்கம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் "உத்தரவு வந்துவிட்டது" என்ற கேள்விக்கு நேரே போகலாம்.

மேலிடம் சொல்வதெல்லாம் திணிப்பா?

இல்லை. "எட்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர், முன்பின் பார்த்திராத ஒரு பக்க உரையைப் படித்துச் சாரம் சொல்ல வேண்டும்" என்பது இலக்கு. அதை மேலிடம் வகுக்கலாம், வகுக்கத்தான் வேண்டும். "முதல் பத்து நிமிடம் ஆசிரியர் கரும்பலகையைத் தொடக் கூடாது, மாணவர்கள் நால்வர் நால்வராக அமர வேண்டும், இலக்கண விதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது" என்பது முறை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சுற்றறிக்கை திணிப்பா என்று அறிய மூன்றைப் பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று யாராவது கேட்டார்களா? புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னவர்கள், பழையதில் எதை நிறுத்தலாம் என்று சொன்னார்களா? சரிவராவிட்டால் திருத்திக்கொள்ள வழி வைத்தார்களா? மூன்றுக்கும் "இல்லை" என்றால், அறிக்கை எவ்வளவு இனிமையாக எழுதப்பட்டிருந்தாலும் அது திணிப்புதான். நடைமுறையில் அதிகம் விடுபடுவது இரண்டாவது. சேர்ப்பதை எழுதுகிறார்கள், கழிப்பதை எழுதுவதில்லை.

புதிய முறை பழையதைவிடச் சிறந்தது என்று ஆய்வு நிரூபித்துவிட்டதே, பிறகு என்ன தயக்கம்?

எந்த ஆய்வு, எத்தனை மாணவரிடம், எந்தச் சூழலில் என்று கேளுங்கள். 1960களில் கேட்டல்–பேசுதல் முறை உலகெங்கும் பரவியது. உரையாடலை மனப்பாடம் செய்து, வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை அது. மொழி ஆய்வகம் என்று தனி அறையே கட்டி ஒலிநாடாக் கருவிகளை வைத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிரெஞ்சும் ஜெர்மனும் கற்ற பள்ளி மாணவர்களிடையே பழைய முறையையும் இதையும் பெரிய அளவில் ஒப்பிட்டார்கள். புதிய முறைக்கு எதிர்பார்த்த மேம்பாடு தெரியவில்லை. மொழி ஆய்வகத்தால் குறிப்பிடத்தக்க பயனும் தெரியவில்லை.

பழைய முறையே சிறந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஒரே பெயருள்ள முறை இரண்டு ஆசிரியர் கையில் இரண்டாகிறது. முறையின் பெயர் மட்டும் விளைவைத் தீர்மானிப்பதில்லை. மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு இதை வேறு விதமாகச் சொன்னார்: எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்றில்லை, தான் செய்வது எப்படிக் கற்றலாகிறது என்று ஆசிரியருக்கு உள்ளூர ஓர் உணர்வு இருக்க வேண்டும், அது இல்லாத வகுப்பு வெறும் சடங்கு. உத்தரவு போட்டு ஒருவரைச் செயல் ஒன்றைச் செய்ய வைக்கலாம், இந்த உணர்வை வரவைக்க முடியாது.

எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தாயிற்று. வகுப்பறையில் ஏன் ஒன்றும் மாறவில்லை?

பெரும்பாலான பெரிய திட்டங்கள் அடுக்கடுக்காகத்தான் பயிற்சி தருகின்றன. வல்லுநர் சிலருக்குச் சொல்வார், அவர்கள் மாவட்ட அளவில் சொல்வார்கள், மாவட்டத்தினர் வட்டாரத்துக்குச் சொல்வார்கள், வட்டாரத்திலிருந்து பள்ளிக்குப் போகும். 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு அமைப்பு முறையில் மறுபயிற்சி தரத் திட்டமிட்டார்கள். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய வாக்கிய அமைப்புகளைப் பழக்கும் முறை அது. உருள உருளப் பெருகும் என்ற நம்பிக்கையில் அத்திட்டத்துக்குப் 'பனிப்பந்து' என்றே பெயர் வழங்கியது.

எண்ணிக்கை பெருகும், உண்மைதான். உள்ளடக்கம் என்னாகும்? ஒவ்வொரு அடுக்கிலும் பத்தில் ஏழு பங்கு தப்பிப் பிழைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு அடுக்கு கடந்தால் மிஞ்சுவது 0.24, அதாவது கால் பங்குகூட இல்லை. நாள்களும் சுருங்கும். மேலே பத்து நாள் நடந்தது கீழே ஒரு பிற்பகலாகிவிடும்.

முதலில் உதிர்வது 'ஏன்' என்பது. கடைசிவரை பிழைத்திருப்பது கண்ணுக்குத் தெரிவது: இருக்கைகளை மாற்றிப் போடுதல், வண்ண அட்டை, கைதட்டல் விளையாட்டு. அதனால்தான் நான்காம் அடுக்கில் கேட்டால் "குழுவா உட்கார வைக்கணும்னு சொன்னாங்க" என்பதே முறையின் முழு வரையறையாகி நிற்கிறது.

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

கோட்பாட்டு விளக்கம், செய்து காட்டல், பாதுகாப்பான சூழலில் செய்து பார்த்தல், அதன்மீது கருத்துக் கேட்டல், சொந்த வகுப்பில் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் துணை நிற்றல் என்று ஐந்து பகுதிகள் வேண்டும். வழக்கமான முகாம் முதல் இரண்டோடு முடிந்துவிடுகிறது. ஆசிரியரின் கை பழகுவதோ கடைசி இரண்டில்.

மொத்தம் ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால், ஐந்தையும் கோடை விடுமுறையில் ஒரே மூச்சில் தீர்த்துவிடாதீர்கள். தொடக்கத்தில் இரண்டு நாள் வைத்து ஒரே ஒரு உத்தியை மட்டும் கற்றுக்கொடுங்கள். மூன்று வாரம் வகுப்பில் செய்து பார்க்கட்டும். பிறகு ஒரு நாள் கூடி, எது ஓடவில்லை என்பதை மட்டும் பேசுங்கள். ஆறாவது வாரத்தில் இன்னொரு நாள், பருவ இறுதியில் மற்றொரு நாள். செய்து காட்டும் பாடத்தையும் முகாமுக்கு வந்த ஆசிரியர்களை மாணவராக உட்காரவைத்து நடத்தாதீர்கள். அவர்களுக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும், எந்த முறையும் அங்கே வெற்றிதான். உண்மையான வகுப்பில், உண்மையான எண்ணிக்கையில் நடத்திக் காட்டுங்கள்.

முன்னோட்டப் பள்ளிகளில் நன்றாக நடந்த திட்டம் எல்லாப் பள்ளிக்கும் போனதும் ஏன் படுத்துவிடுகிறது?

முன்னோட்டத்தில் ஆசிரியர்கள் விரும்பி வந்தவர்கள். திட்டக் குழு வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும், பொருள்கள் நேரத்துக்கு வரும், தவறினாலும் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். விரிவாக்கத்தின்போது இந்த நான்கும் இருக்காது.

மேலே சொன்ன அமைப்பு முறையின் மீதான அதிருப்தியிலிருந்து பிறந்த பெங்களூர் திட்டம் (1979–1984) நல்ல எடுத்துக்காட்டு. இலக்கணத்தை வரிசையாகக் கற்பிக்காமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு முடிவுசொல்லும் பணிகள் வழியே ஆங்கிலம் கற்பித்தார்கள். பிறகு மதிப்பிட்டபோது, தாங்களாக வந்து சேர்ந்த ஆசிரியர் பயிற்றுநர்கள் அதன் உட்பொருளைப் பிடித்த அளவுக்கு, வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் பிடிக்க முடியவில்லை என்று தெரிந்தது. எனவே முன்னோட்ட அறிக்கையைப் படிக்கும்போது மதிப்பெண் அட்டவணைக்கு முன்னால், யார் கற்பித்தார்கள் என்ற பத்தியைத் தேடுங்கள்.

தேர்வை மாற்றாமல் முறையை மாற்றலாமா?

முடியாது. நெடுவினாவுக்கும் மனப்பாடப் பாடலுக்கும் மதிப்பெண் தரும் வினாத்தாளை வைத்துக்கொண்டு "பேச்சுத்திறனை வளருங்கள்" என்றால், பேச்சு வளரும் வகுப்பின் ஆசிரியர்தான் தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிவரும்.

தேர்வை மாற்றினால் முறை தானாக மாறிவிடும் என்பதும் தவறு. 1980களின் பிற்பகுதியில் இலங்கையில் சாதாரண தர (O/L என்னும் பள்ளிப் பொதுத்தேர்வு) ஆங்கிலத்துக்குப் புதிய பாடநூலும் அதை ஒட்டிய புதிய தேர்வும் வந்தன. தேர்வு ஆய்வாளர்கள் வால், ஆல்டர்சன் முதலியோர் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தபோது, ஆசிரியர்கள் எதைக் கற்பிக்கிறார்கள் என்பதில் தேர்வின் தாக்கம் தெரிந்தது, எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதில் தெரியவில்லை. தேர்வால் பாதையிலுள்ள தடையை எடுக்க முடியும். நடக்கக் கற்றுத்தருவது பயிற்சியின் வேலை. வரிசையும் முக்கியம்: புதிய வினாத்தாள் மாதிரி முதலில் வர வேண்டும், பாடநூலும் ஆசிரியர் கையேடும் அதனோடு வர வேண்டும், பயிற்சி அதற்குப் பிறகு. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. மாதிரி வினாத்தாள் அரையாண்டுக்குப் பிறகு வந்து சேரும். அதுவரை ஆசிரியர் பழைய வினாத்தாளுக்கே தயார் செய்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

45 பேர் வகுப்பில் 'எல்லாரும் பேச வேண்டும்' என்கிறார்கள். நேரம் எங்கே?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பாடவேளை 40 நிமிடம். வருகைப்பதிவு, நோட்டு, சலசலப்புக்கு 5 போனால் 35. ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால்கூட 45 நிமிடம் வேண்டும், எனவே ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைப்பது நடவாது. இருவர் இருவராக 6 நிமிடம் பேசவைத்தால் ஆளுக்கு 3 நிமிடம் பேச்சு. அதே வகுப்பு, அதே நேரம்.

மீதிப் பாதி, ஏற்பாட்டில் இருக்கிறது. முதல் தடவை ஜோடி அமைக்கவே ஏழெட்டு நிமிடம் போகும். அதனால்தான் ஒருமுறை செய்து பார்த்தவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. ஜோடியைப் பருவம் முழுவதும் மாற்றாதீர்கள். பக்கத்தில் இருப்பவரே ஜோடி. யாராவது வராத நாளில் மூவராகச் சேர்ந்துகொள்வது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
2. தாளையோ படத்தையோ கையில் கொடுக்கும் முன்பே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடியுங்கள். கொடுத்த பிறகு யார் காதிலும் எதுவும் விழாது.
3. இரண்டு மாணவர்களை முன்னால் அழைத்து அரை நிமிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கும் மூன்று நிமிடத்தைவிட இது பயன் தரும்.
4. முதல் வாரம் 2 நிமிடம் மட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று அவர்கள் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.
5. நிறுத்த ஒரே சைகை. கை தூக்கினால் பார்ப்பவர் எல்லாரும் கை தூக்க வேண்டும். கத்தினால் அந்தச் சத்தத்தோடு உங்கள் சத்தமும் சேரும், அவ்வளவுதான்.
6. முடிவில் மூன்று ஜோடி மட்டும் சொல்லட்டும். யார் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் ஏற்பாட்டு நேரம் ஒரு நிமிடத்துக்கு இறங்கும். சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். ஹாங்காங்கில் 1990களில் தொடக்கப்பள்ளிகளுக்குப் பணிவழிக் கற்பித்தல் (பணிகளைச் செய்யவைத்து மொழி கற்பிப்பது) வந்தபோதும் ஆசிரியர்களுக்கு நெருடலாக இருந்தவை சத்தமும் ஒழுங்கும், மாணவர் தாய்மொழிக்குத் தாவுவதும்தான். இது எங்கும் உள்ள சிக்கல், உங்கள் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு வந்த முறையைத் தமிழ்ப் பாடத்திலும் செய்யச் சொல்கிறார்கள். பொருந்துமா?

சில பகுதி பொருந்தும், சில பகுதி பிசகும். பிசகும் இடங்களைத் துல்லியமாகச் சுட்டினால் மேலிடம் கேட்கும். 'தமிழ் வேறு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கேட்காது.

வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலுக்கும் ஒலிப்புக்கும் பொருத்தம் குறைவு. அதனால் சில சொற்களை முழுச் சொல்லாகக் கண்ணில் பதியவைக்கிறார்கள், மற்றவற்றை இடமிருந்து வலமாக ஒலிகூட்டி வாசிக்கவைக்கிறார்கள். தமிழில் முழுச்சொல் மனப்பாடத்துக்குத் தேவை மிகக் குறைவு. ப, ட, ம என்ற மூன்றோடு புள்ளியையும் கற்ற குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே வாசித்துவிடும். இடமிருந்து வலமாக ஒலிகூட்டும் உத்தி இதுவரை தமிழிலும் ஓடும். 'கொடி' வந்ததும் தடுக்கி விழும். கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் குறியின் ஒரு பாதி முன்னால், மறு பாதி பின்னால். ஆகவே குறிகளைத் தனித்தனி ஒலியாகக் கூட்டச் சொல்லும் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, உயிர்மெய்யை ஒரே அலகாகக் காட்டும் அட்டைகளை வைக்க வேண்டும். 247 எழுத்து என்ற எண்ணும் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, குறிகளின் ஒழுங்கு தெரிந்தால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானே விளங்கும். கு, சு, டு, ரு என்று வடிவம் மாறும் உகர ஊகார வரிசைக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒலிப்பில் வேறு சிக்கல். பக்கம், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்குச் சொல்லித்தராவிட்டால் கடைசிவரை தவறாகவே வாசிப்பார். முதல்மொழி வகுப்புக்கும் இரண்டாம்மொழி வகுப்புக்கும் ஒரே கையேட்டை அனுப்பும் சுற்றறிக்கைகள் இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகின்றன.

அடுத்தது பேச்சு. 'இயல்பான உரையாடல் வழியே கற்பியுங்கள்' என்கிறது கையேடு. தமிழில் இயல்பாக உரையாடினால் 'அவங்க வந்துட்டாங்க' என்றுதான் வரும். தேர்வில் 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று எழுத வேண்டும். எழுத்துத் தமிழில் உரையாடவைத்தால் அது நாடக வசனம். பேச்சுத் தமிழிலேயே விட்டுவிட்டால் எழுத்து பின்தங்கும். வழி இதுதான்: ஜோடியில் பேசுவது பேச்சுத் தமிழில் நடக்கட்டும், பேசியதை இரண்டு வரியாக நோட்டில் எழுதுவது எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே அன்றைய மொழிப்பயிற்சி. ஆங்கிலக் கையேட்டில் இந்தப் படி இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாம்மொழி வகுப்பில் தாய்மொழி ஒரு சொல்கூடக் கூடாது என்கிறார்கள்.

கடுமையாக நடைமுறைப்படுத்தினால் கெடுதல் அதிகம். இரண்டு வேலைகளுக்குத் தாய்மொழியை வைத்துக்கொள்ளுங்கள்: செய்ய வேண்டியதைச் சொல்வது (புரியாதபோது மட்டும்), அருவச் சொல்லின் பொருள் சொல்வது. 'நேர்மை'க்குப் படம் வரைந்து ஐந்து நிமிடம் கழிப்பதைவிட ஒரு நொடியில் தாய்மொழிச் சொல்லைச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தில் அதை வைத்து வாக்கியம் அமைக்கலாம். வாழ்த்து, பாராட்டு, அன்றாட ஏவல் எல்லாம் கற்கும் மொழியிலேயே இருக்கட்டும். பாடம் முழுவதையும் வரிக்கு வரி மொழிபெயர்ப்பது வேறு. அதைத் தடுப்பது சரியே.

உத்தரவு வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

சுற்றறிக்கையை எடுத்து, அதில் உள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'மாணவர் மையக் கற்றல்', 'மகிழ்ச்சியான சூழல்' போன்றவற்றை விட்டுவிடலாம், அவற்றைக் கொண்டு யாரும் வகுப்பெடுக்க முடியாது. 'குழுவாக அமர்த்துக', 'வாரம் ஒரு படைப்பு எழுதச் செய்க', 'பதிவேட்டில் குறிக்க' என்று ஆறேழு செயல் மிஞ்சும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று எழுதிக் கூட்டுங்கள். ஏடு திருத்தும் நேரத்தை மறக்காதீர்கள். வாரம் ஒரு படைப்பு, 45 மாணவர், ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 180 நிமிடம். மூன்று மணி நேரம். இந்த ஒரு கூட்டல் பல விவாதங்களைத் தீர்த்துவைக்கும்.

பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடவேளை, நான்கு வாரம். முன்னும் பின்னும் ஒரே சிறு அளவீடு வையுங்கள்: பார்த்திராத 60 சொல் பத்தியை வாசிக்க எடுத்த நேரம், பிழை எத்தனை, மூன்று கேள்விக்கு விடை. பத்து மாணவர் போதும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்காமல், வருகைப்பதிவேட்டில் நான்காம் எண், எட்டாம் எண் என்று எடுங்கள். பாடக்குறிப்பின் ஓரத்தில் தேதி போட்டு ஒரு வரி: என்ன செய்தேன், எங்கே தடைப்பட்டது. இதற்கு மேல் எழுதத் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

'இது எங்கள் வகுப்பில் நடவாது' என்று மேலே எப்படிச் சொல்வது?

'நடவாது' என்ற சொல்லையே எழுதாதீர்கள், எதிர்ப்பு என்று கோப்பில் போய்விடும். ஒரே பக்கத்தில் நான்கு பத்தி எழுதுங்கள்: சுற்றறிக்கையின் எந்தப் பத்தியை எத்தனை பாடவேளை, எத்தனை மாணவரிடம் செய்து பார்த்தோம்; என்ன கிடைத்தது; எங்கே நின்றது (எண்ணோடு); என்ன மாற்றம் கேட்கிறோம். கடைசிப் பத்தியில் ஒரே கோரிக்கை. 'வாரம் ஒரு படைப்புக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒன்று' என்பது போல, அதிகாரி தன் நிலையிலேயே ஒப்புதல் தரக்கூடியதாக இருக்கட்டும். ஒருவர் அனுப்பினால் புகார். ஒரே வடிவில் ஆறு பேர் அனுப்பினால் தரவு.

பார்வையிட வருபவர்களுக்காக மட்டும் புது முறையைக் காட்டுகிறோம். தவறா?

தவறுதான், ஆனால் உங்களுடையது மட்டுமல்ல. 'அட்டைகள் தொங்குகின்றனவா', 'குழுவாக அமர்ந்துள்ளனரா' என்று கேட்கும் படிவம் அட்டையையும் குழுவையும்தான் வரவழைக்கும். படிவம் தயாரிப்பவர்கள் மூன்று கேள்வி வைத்தால் போதும்: பத்து நிமிடத்தில் எத்தனை மாணவர் பாட மொழியில் சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னார்கள்? யாராவது ஒரு மாணவரை அழைத்துக் கேட்டால், இப்போது என்ன செய்கிறோம், எதற்கு என்று சொல்கிறாரா? நோட்டில் திருத்தியதை மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறாரா? இவற்றை நடிக்க முடியாது.

மூத்த ஆசிரியர்கள்தான் முட்டுக்கட்டை என்கிறார்களே?

அவர்கள் ஏற்கெனவே மூன்று நான்கு 'புதிய முறை'களைப் பார்த்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டை வெட்டி, பதிவேடு எழுதி, அதிகாரி மாறியதும் அது அலமாரிக்குப் போனதையும் பார்த்தவர்கள். அவர்களுடைய தயக்கத்தில் தகவல் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விளைவு தெரிய எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

முதல் பருவத்தில் மதிப்பெண் சற்று இறங்கும் என்று எதிர்பாருங்கள். கை பழகிய ஒன்றை விட்டுப் பழகாத ஒன்றைச் செய்யும்போது எந்தத் தொழிலிலும் முதலில் சரிவு வரும். அந்தச் சரிவைப் பார்த்து அடுத்த முறைக்குத் தாவும் நிர்வாகம், ஒவ்வொரு முறையின் சரிவுப் பகுதியை மட்டுமே மாணவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே மாணவர் தொகுதியை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்க்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

தலைமையாசிரியராக என்னால் எதை மாற்ற முடியும்? உத்தரவு என் கையில் இல்லையே.

பாடவேளை அட்டவணை உங்கள் கையில் இருக்கிறது. மொழிப் பாடத்துக்கு வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வையுங்கள். 40 நிமிடத்தில் முடியாத குழுச்செயல் 80 நிமிடத்தில் முடியும். மொழி ஆசிரியர் இருவருக்கு ஒரே நேரத்தில் வகுப்பில்லாமல் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள், ஒருவர் செய்ததை மற்றவரிடம் அங்கே பேசிக்கொள்ளட்டும். ஒருவர் வகுப்பை மற்றவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும், படிவம் வேண்டாம். புதிய பதிவேடு ஒன்று வந்தால் பழையது ஒன்றை நிறுத்த அனுமதி கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை எதை முதலில் நிரப்புவது என்று ஆசிரியருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், பார்வையிடும் நாளில் அந்தத் தாள் அவருக்கு வேண்டியிருக்கும்.